செல்லோவும் லூப் பெடலும்: நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

ஒருவர் செல்லோவை லூப் பெடலோடு வாசித்ததை சிங்கப்பூரில், குட்மன் கலை மையத்தின் பிளாக் பாக்ஸ் என்ற சிறிய அரங்கில் கேட்டேன். மேடையில் நாற்காலி, செல்லோ (முட்டிகளுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும், பெரிய வயலின் போன்ற கருவி), கீழே நாலைந்து பெடல், பக்கத்தில் மடிக்கணினி, அவ்வளவுதான். வாசித்தவர் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு உட்கார்ந்தார். பெடலைக் காலாலேயே தடவிக் கண்டுபிடிக்க அதுதான் வசதி போல.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், செல்லோவுக்கு எழுதிய ஆறு தொகுப்புகளில் முதலாவதை எடுத்தார். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒரு துணுக்கை மட்டும் பெடலில் பதிவு செய்து லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப, ஓடவிட்டு, அதன்மேல் மனோதர்மமாக, தன் கற்பனைப்படி, வாசிக்கத் தொடங்கினார். நிரவல் (பாட்டின் ஒரு வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதில்லை. ஆனால் மிருதங்கக்காரர் பாடுகிறவரைப் பார்த்து விட்டுக்கொடுப்பார், லூப் விட்டுக்கொடுக்காது. அதனாலேயே நடுவில் ஒரே இழுவை.

பெடல்களை நிறுத்திய பிறகு வந்ததுதான் கச்சேரி. செல்லோவில் பெரும்பாலும் ஈ, எஃப் ஷார்ப் என்ற சுரங்களுக்கு நடுவே ஓரிடத்தில், தந்தியின் அதிர்வும் மரக்கூட்டின் அதிர்வும் மோதிக்கொண்டு ஒலி விட்டுவிட்டு உறுமும். வுல்ஃப் நோட் என்பார்கள். அதை அடக்கத்தான் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) கீழே தந்தியில் சின்னப் பித்தளைக் குழாய் ஒன்றை மாட்டுவது. இவர் அதைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரே சுரத்தில் வில்லை மெல்ல இழுத்தபடி இருந்தார். குதிரையில் ஒட்டியிருந்த மைக் வழியாக உறுமல் ஸ்பீக்கருக்குப் போக, உட்கார்ந்திருந்த நாற்காலியே அதிர்ந்தது.

* * *

மேலே சொன்ன குழாய் என் மகளின் செல்லோவிலும் இருக்கிறது. பள்ளியில் ஸ்ட்ரிங் குழுவில் வாசிக்கிறாள். இதைப் படித்துக் காட்டியதும் கழற்றப் பார்த்தாள். முதலில் அடக்கக் கற்றுக்கொள், அவிழ்த்துவிடுவது அப்புறம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சரிதானே.

இந்த வகை வாசிப்பில் ஆர்வமுள்ளவர்கள் ஹில்துர் குட்நாடோட்டிரைக் கேளுங்கள். 'ஜோக்கர்' பட இசைக்கு 2020இல் ஆஸ்கர் வாங்கியவர், அடிப்படையில் செல்லோக்காரர். ஹால்டோரோபோன் என்ற கருவியையும் வாசிப்பார். தந்தியின் ஒலி கருவிக்குள்ளேயே உள்ள ஸ்பீக்கருக்குப் போய், அந்த ஒலி மறுபடி தந்தியை அதிர வைக்கும். வாசிப்பவர் அதை ஓட்டுவதைவிடப் பிடித்து நிறுத்துவதே பெரிய வேலை.

* * *

நான் செல்லோவும் லூப் பெடலும் கேட்டது எஸ்பிளனேட் கலை அரங்கில், இலவச நிகழ்ச்சி. அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். ஒருத்தர் வாசிக்க நாலு பேர் வாசிப்பது போல் கேட்கவும், "பின்னால யாருடா இருக்கா?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் நேரே வாசித்தவரிடமே போய்க் கேட்டுவிட்டார், பாதி ஆங்கிலம், பாதி கையசைவு.

அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. ஒரு மைக்கை நீட்டி, பெடலைக் காட்டினார். அம்மா மோகன வர்ணத்தில் முதல் வரியைப் பாட, அது அப்படியே சுற்றி வந்தது. முகத்தைச் சுளித்து, "ரெண்டாவது இடத்துல சுருதி எறங்குது, அழிக்கச் சொல்லு" என்றார். அழித்தார்கள். மறுபடி பாடினார். வாசித்தவர் செல்லோவில் கூடவே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டார். மேடையைக் காலி செய்ய வந்த ஆட்கள் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், அம்மா அனுபல்லவிக்குப் போய்விட்டார்.