கறுப்பிலிருந்து ப்ரொடெக்‌ஷன் உள்ள வொயிட் நைட்டை டாம்னேஷன் கொல்லுமா?

வெள்ளைக்குதிரை:

வணக்கம். மேஜிக்: தி கேதரிங் சீட்டாட்டத்தில் எனக்கும் என் நண்பருக்கும் இடையே எழுந்த ஒரு வாதத்துக்கு, விதிகளை நன்கறிந்தவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன். என் களத்தில் வொயிட் நைட் இருந்தது. இரண்டு வெள்ளை மானாவுக்கு (சீட்டை ஆடக் கொடுக்கும் ஆற்றல்) வரும் 2/2 வீரன், அதாவது அடிவலிமை 2, தாங்குதிறன் 2; ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்கும் (சண்டையில் முதலில் அடிக்கும் திறன்) கறுப்பிலிருந்து ப்ரொடெக்‌ஷனும் உடையவன். எல்லாக் கிரீச்சர்களையும் (களத்தில் போரிடும் சீட்டுகள்) அழிக்கும் டாம்னேஷன் என்ற கறுப்புச் சீட்டை நண்பர் ஆடினார். கறுப்பின் எந்த மந்திரமும் என் வீரனைத் தீண்டாது என்றேன் நான்; மற்றவற்றோடு அவனும் இடுகாட்டுக்குத்தான் (கழிந்த சீட்டுகளின் குவியல்) போக வேண்டும் என்றார் அவர். ஆனால் அதே நண்பர், முந்தைய ஆட்டத்தில் பெஸ்டிலன்ஸ் என்ற கறுப்புச் சீட்டால் எல்லாக் கிரீச்சர்களுக்கும் சேதம் விளைந்தபோது, என் வீரன் பிழைத்ததை மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். இரண்டும் கறுப்பு, இரண்டும் எந்தக் கிரீச்சரையும் தனியாகக் குறிவைப்பதில்லை. அப்படியிருக்க, ஒன்றிலிருந்து காப்பு உண்டு, மற்றதிலிருந்து இல்லை என்பது எப்படிப் பொருந்தும்?

மேசைநடுவர்:

உங்கள் நண்பர் இரண்டு முறையும் சரியாகவே ஆடியிருக்கிறார். விதித்தொகுப்பின் 702.16 பகுதியைப் படித்தால், கறுப்பிலிருந்து ப்ரொடெக்‌ஷன் பெற்ற கிரீச்சருக்கு நான்கு காப்புகள் மட்டுமே உண்டு என்பது தெரியும். கறுப்பு மூலத்திலிருந்து வரும் சேதம் முழுவதும் தடுக்கப்படும். கறுப்பு ஆராவோ (ஒன்றின்மேல் பொருத்தும் மந்திரச் சீட்டு) கறுப்பு எக்விப்மென்ட்டோ (கிரீச்சருக்குத் தரும் ஆயுதச் சீட்டு) அதன்மேல் நிற்காது. கறுப்புக் கிரீச்சரால் அதை மறிக்க இயலாது. கறுப்பு மந்திரமோ கறுப்பு மூலத்தின் திறனோ அதை இலக்காகக் கொள்ள முடியாது. இவற்றில் அடங்காத எதுவும், அது எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், உங்கள் வீரன்மேல் வேலை செய்யும்.

பெஸ்டிலன்ஸ் செய்வது சேதம், ஆகவே தடுக்கப்பட்டது. டாம்னேஷன் சேதம் செய்வதில்லை, இலக்கும் கேட்பதில்லை. நேராக "அழி" என்கிறது. அழிப்பதை ப்ரொடெக்‌ஷன் தடுப்பதில்லை. ஆட்டம் தொடங்கிய 1993ஆம் ஆண்டின் முதல் தொகுப்பிலேயே இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது: வெள்ளையிலிருந்து ப்ரொடெக்‌ஷன் உள்ள பிளாக் நைட், வெள்ளைச் சீட்டான ராத் ஆஃப் காட் வரும்போது அழிந்துதான் போகும். ராத் ஆஃப் காடின் நிறம் மாற்றிய வடிவமாக 2007இல் வந்ததே டாம்னேஷன்.

நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டிலுள்ள வினைச்சொல்லைப் பாருங்கள் என்றுதான் புதிதாக ஆட வருபவர்களிடம் நான் எப்போதும் வற்புறுத்துவேன். நிறம் அதற்கு அடுத்தபடிதான்.

வெள்ளைக்குதிரை:

மிக்க நன்றி. இதையொட்டி இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நண்பரிடம் ஃபிரெக்சியன் ஆப்லிட்டரேட்டர் என்ற 5/5 கறுப்புக் கிரீச்சரும் உண்டு. ட்ராம்பிள் (மறிப்பவரைக் கொன்று மிஞ்சும் சேதம் எதிராளிக்குப் போகும் திறன்) உள்ள அது தாக்க வரும்போது, என் வீரனை வைத்து மறித்தால் சேதம் முழுவதும் அவனோடு நின்றுவிடுமா?

சதுப்புநிலம்:

நிற்காது. ட்ராம்பிள் உள்ள கிரீச்சர் சேதத்தைப் பங்கிடும்போது, மறிப்பவரைக் கொல்லப் போதுமான அளவை அதற்கு ஒதுக்கினால் போதும். அந்தச் சேதம் பின்னர் தடுக்கப்படுமா என்பது இந்தக் கணக்கில் வராது. வொயிட் நைட்டின் தாங்குதிறன் 2. ஆகவே 2 புள்ளி அவனுக்கு ஒதுக்கப்பட்டு, ப்ரொடெக்‌ஷனால் தடுக்கப்படும். மீதி 3 புள்ளி உங்கள் உயிர்க்கணக்கில் கழியும்.

ஆனால் இந்தச் சந்திப்பில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆப்லிட்டரேட்டருக்கு எந்த மூலம் சேதம் செய்தாலும், அந்த மூலத்தை ஆள்பவர் அத்தனை பெர்மனென்ட்களை (களத்தில் நிற்கும் சீட்டுகள்) பலி கொடுக்க வேண்டும். உங்கள் வீரனுக்கு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருப்பதால் அவன் முதலில் 2 புள்ளி அடிப்பான். உடனே நீங்கள் இரண்டைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும். ப்ரொடெக்‌ஷன் உள்ள கிரீச்சரையும் பலி கொடுக்கலாம் என்பதால் அந்த வீரனையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மறிக்க எவரும் மிஞ்சாமல், ட்ராம்பிள் காரணமாக 5 புள்ளியும் உங்கள்மேல் விழும். வேறு ஆளில்லாவிட்டால் இரண்டு நிலச்சீட்டுகளை இழந்தாவது அவனை நிறுத்திக்கொள்வதா, அல்லது மறிக்காமலே 5 புள்ளியை ஏற்றுக்கொள்வதா என்பதை உங்கள் உயிர்க்கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பெரும்பாலும் மறிக்காமல் விட்டுவிடுவேன்.

மேசைநடுவர்:

சதுப்புநிலம் சொன்னது முற்றிலும் சரி. அதே நோக்கில், ஒரு கிரீச்சரைப் பலி கொடுக்க வைக்கும் டயபாலிக் ஈடிக்டையும் பாருங்கள். அது இலக்காகக் கொள்வது ஆட்டக்காரரை. பலியாகும் கிரீச்சரை அன்று. எனவே களத்தில் உங்கள் வீரன் தனியாக நின்றால், கறுப்புச் சீட்டான அதற்கு அவன் இரையாவான். அதற்கு மாறாக, ராயல் அசாசின் என்ற கறுப்புக் கிரீச்சர் தன் திறனால் கொல்ல நினைத்தால் அவனைத் தொட முடியாது. மூலம் கறுப்பு, இலக்கும் அவனே என்பதால் அந்தத் திறனை அவன்மேல் ஏவவே இயலாது.

இன்டெஸ்ட்ரக்டிபிள் (அழிக்க முடியாத தன்மை) என்ற காப்பு வேறு வகை. டார்க்ஸ்டீல் மிர் என்ற 0/1 கிரீச்சர் டாம்னேஷனைக் கடந்து நிற்கும். கொல்லும் அளவுக்குச் சேதம் பட்டாலும் நிற்கும். ஆனால் நண்பர் டாக்ஸிக் டெலூஜ் என்ற கறுப்புச் சீட்டை ஆடி, கூடுதல் விலையாக ஒரே ஓர் உயிர்ப்புள்ளியைக் கொடுத்து எல்லாவற்றுக்கும் -1/-1 தந்தால், மிரின் தாங்குதிறன் 0 ஆகிவிடும். தாங்குதிறன் 0 ஆன கிரீச்சர் இடுகாட்டுக்குப் போவதை விதி அழிவாகக் கொள்வதில்லை. ஆகவே இன்டெஸ்ட்ரக்டிபிள் அங்கே உதவாது. அதே -1/-1ஐ உங்கள் வொயிட் நைட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்று முடியும்வரை 1/1 ஆக நிற்பான்.