நெஞ்சு படபடப்பு: திருகோணமலைப் பக்கம் பட்டவை எழுதுங்கோ

உப்புவெளி அக்கா:
படபடப்போட ஆஸ்பத்திரிக்கு ஓடி, போய்ச் சேர முந்தியே அது நிண்டு, "பயத்தில வந்திருக்கும், தண்ணி குடியுங்கோ" எண்டு கேட்டுத் திரும்பி வந்தவை இஞ்ச எத்தினை பேர்? எனக்கு வருசக்கணக்கா இதுதான் கதை. குனிஞ்சு நிமிருவன், சுவிட்ச் போட்ட மாதிரி நெஞ்சு ஓடத் தொடங்கும். அரை மணித்தியாலம் ஓடும். பிறகு டக்கெண்டு நிக்கும். நிண்ட கையோட சலம் நிறையப் போகும். ஒரு டொக்டர் அதைத் தானாக் கேட்ட பிறகுதான் அதுவும் இந்த வருத்தத்தின்ர அடையாளம் எண்டு தெரிஞ்சது.

கடைசியா கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க தொடங்கி, இந்தமுறை நிக்கேல்லை. 1990க்கு அடிச்சு அம்புலன்சில போனன். ஓடிக்கொண்டிருக்கேக்கயே ஈசிஜி எடுத்தினம். நிமிசத்துக்கு 190. எஸ்.வி.ரி. எண்டு அந்தத் துண்டில பிடிபட்டுது. இதயத்துக்குள்ள கூடுதலா ஒரு மின்பாதை இருந்து, துடிப்பு அதுக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடுதாம். முதல்ல ஒரு சிரிஞ்சுக்குள்ள 15 செக்கன் ஊதச் சொல்லிச்சினம், உடன மல்லாக்கக் கிடத்திக் காலைத் தூக்கிப் பிடிச்சினம். சிலருக்கு அதோடயே நிண்டிடுமாம். எனக்கு நிக்கேல்லை. பிறகு அடினோசின் ஊசி, 6 மில்லிகிராம். முதலே சொல்லிப்போட்டுத்தான் போட்டவை, "ஒரு சில செக்கன் செத்துப்போற மாதிரி இருக்கும், பயப்பிடாதேங்கோ" எண்டு. அப்பிடியேதான் இருந்தது. அடுத்த நிமிசம் எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டன்.

இப்ப கொழும்பில அந்தப் பாதையைச் சுட்டு அடைக்கிற சிகிச்சைக்குப் பேர் குடுத்திருக்கிறன். தொடையால வயர் விட்டுச் செய்யிறது. பத்தில ஒன்பது பேருக்கு மேல சுகம் வரும் எண்டுறாங்கள். அந்த ஈசிஜி துண்டு இல்லாட்டி இந்த வரிசையில என்ர பேரே வந்திருக்காது.

கிண்ணியாத் தம்பி:
அக்கா, எங்கட உம்மாட கதை வேற. ஓட்டம் எண்டில்ல, ஒழுங்கே இல்லாத அடி. நாடியில விரல் வெச்சா ஒண்டு கிட்ட, ஒண்டு தள்ளி, ஒண்டு காணாமலே போகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சின்ன வயசில தொண்டை நோவுக்குப் பின்னால மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் வால்வைப் பழுதாக்கிட்டு, அதால மேல் அறை பெருத்துத் துடிக்காம நடுங்குது. அங்க ரத்தம் தேங்கி உறைஞ்சு, கட்டி மூளைக்குப் போனா ஒரு பக்கம் விழுந்திடும். அதுக்குத்தான் ரத்தம் உறையாமத் தடுக்கிற வார்ஃபரின் குளிசை.

ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற எண், ஐ.என்.ஆர்., 2க்கும் 3க்கும் இடையில நிக்கணும் எண்டு கிளினிக் கொப்பியில எழுதியிருக்காங்க. நோன்பு மாசம்தான் பெரிய கரைச்சல். சாப்பாடு மாறும், நேரம் மாறும், எண்ணும் மாறும். ஒரு நாளைக்கு ஒரு தரம் போடுற குளிசை எண்டதால நோன்பு திறந்த பிறகு ஒரே நேரத்தில குடுக்கிறம். டொக்டர்ட கேட்டுத்தான். கீரையை விடச் சொல்லல்ல, முருங்கை இலையோ வல்லாரையோ ஒரு கிழமை நிறைய, மறு கிழமை இல்ல எண்டு வரக்கூடாது எண்டுதான் சொன்னாங்க. மூட்டு நோவுக்கு பார்மசியில சும்மா வாங்குற டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, ரத்தம் கசியும்.

கட்டாரில இருக்கிற நானா, ரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புதுக் குளிசை அனுப்புறன் எண்டு நிண்டாரு. இப்பிடிச் சுருங்கின வால்வுக்கு அது சரிவராது, வார்ஃபரின்தான் எண்டு டொக்டர் மறிச்சிட்டாரு. காசு குடுத்து வாங்கினா நல்ல மருந்து எண்டு நினைக்கிற ஆக்கள் எங்கட ஊரில நிறைய.

பாலையூற்று:
எனக்கு இடைக்கிடை ஒரு அடி தவறி, அடுத்தது 'டுக்' எண்டு பலமா விழும். துடிப்பைத் தொடர்ந்து பதியிற ஹோல்டர் கருவியை 24 மணித்தியாலம் மாட்டி, எக்கோ எண்ட இதய ஸ்கானும் தைரொய்டும் பாத்து, கூடுதல் துடிப்புத்தான், இதயம் நல்லா இருக்கு எண்டு விட்டிட்டினம். குளிசை இல்லை. இரவு வேலை முடிஞ்சு நித்திரையில்லாத நாளில கூடுதலா வரும், அவ்வளவுதான். கையில கட்டுற, துடிப்புக் காட்டுற மணிக்கூட்டை அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் பாக்கிற பழக்கம் வந்தது, அதைக் கழட்டி வைச்ச பிறகு பாதி வருத்தம் குறைஞ்சுது.

திருக்கடலூர் மகன்:
எங்கட அப்பாவுக்கு எல்லாருக்கும் எதிர்மாறு. ஓடேல்லை, நிண்டு நிண்டு அடிச்சுது. கடலுக்குப் போனவர் வலை இழுக்கேக்க கண் இருண்டு படகுக்குள்ளயே விழுந்திட்டார். வெயில் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். கரையில பாத்தா நாடி 38. மேல் அறையின்ர மின்சாரம் கீழ் அறைக்கு இறங்கேல்லை, முழு அடைப்பு. மின்சாரம் குடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கிற பேஸ்மேக்கர் வைச்சாச்சு. இடது தோளுக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி, பத்து வருசம் அளவில பற்றரி மாத்தோணும்.

இவருக்குப் பெரிய கவலை பெட்டியில்லை, எஞ்சின். முதல் சில கிழமை அந்தக் கையைத் தோளுக்கு மேல தூக்கக்கூடாது, வயர் இடம் மாறும். கயிறு இழுத்து எஞ்சின் ஸ்டார்ட் பண்ண ஏலாது எண்டதுக்கே மனுசன் அழுதவர். பிறகும் ஓடுற எஞ்சினில இருந்து நெஞ்சு ஒரு அடியாவது தள்ளி இருக்கோணும், போனைச் சட்டையின்ர இடப் பொக்கற்றில போடக்கூடாது. இப்ப தம்பி எஞ்சின் பிடிக்கிறான், அப்பா முன்னுக்கு இருந்து கத்துறார்.

கிண்ணியாத் தம்பி:
உப்புவெளி அக்கா, ஈசிஜி துண்டை எப்பிடி வெச்சிருக்கீங்க? உம்மாட பழைய துண்டெல்லாம் மங்கி வெறும் கடதாசியா இருக்கு.

உப்புவெளி அக்கா:
அது சூட்டில எழுதுற தாள் தம்பி, வெயில் பட்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள்ள கிடந்தாலும் அழிஞ்சிடும். அண்டைக்கே போட்டோக் கொப்பி எடுத்துக் கிளினிக் கொப்பியில ஒட்டிப்போட்டன், போனிலயும் படம் இருக்கு. படபடப்போட தலை சுத்தினா, மயங்கினா, நெஞ்சு நொந்தா, மூச்சு வாங்கினா மட்டும் துண்டைத் தேடிக்கொண்டு நிக்காமல் 1990க்கு அடியுங்கோ. உம்மாவுக்கு வாய் கோணினாலோ ஒரு கை விழுந்தாலோ அப்பவும் அதேதான், வார்ஃபரின் போடுறவ எண்டு முதல் வசனத்திலயே சொல்லுங்கோ.