எல்டிஓ இயக்கினால் மட்டும் பில்ட் நிற்கிறது: வகை முரண்பாட்டைச் சரிசெய்ய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம்.

நான் பராமரிக்கும் பழைய சி நிரல் வழக்கமாகப் பிழையின்றி பில்ட் ஆகிறது. ஆனால் ஜிசிசி கம்பைலரில் எல்டிஓவை (லிங்க் செய்யும்போது எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகப் பார்த்து நிரலை மேம்படுத்தும் வசதி) இயக்கி, வகை முரண்பாட்டு எச்சரிக்கையைப் பிழையாகக் கொள்ளச் சொன்னால், லிங்க் செய்யும்போது நின்றுவிடுகிறது.

முதல் பிழையைச் சரிசெய்துவிட்டேன். ஒரு கோப்பில் லாங் என வரையறுத்த மாறியை, இன்னொரு கோப்பு ஹெடரைச் சேர்க்காமல் தானாகவே எக்ஸ்டர்ன் இன்ட் என அறிவித்திருந்தது. 64 பிட் லினக்ஸில் முன்னது 8 பைட், பின்னது 4 பைட். அறிவிப்பைப் பொது ஹெடருக்கு மாற்றியதும் சரியானது. எல்டிஓவை அணைத்துவிடுவது தீர்வு என்று நான் கருதவில்லை, ஏனெனில் தவறு நிரலில்தான் இருக்கிறது.

இரண்டாவதில்தான் தடுமாறுகிறேன். 32 பிட் பில்டில், ஆஃப்_டி (கோப்பின் அளவையும் கோப்புக்குள் உள்ள இடத்தையும் குறிக்கும் எண் வகை) உறுப்புள்ள ஒரே ஸ்ட்ரக்ட் இரண்டு கோப்புகளில் இரண்டு அளவில் அமைகிறது. ஃபிளெக்ஸ் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் சி நிரலை எழுதித் தரும் கருவி) உருவாக்கும் கோப்பு, எங்கள் கான்ஃபிக் ஹெடருக்கு முன்பே கணினியின் ஹெடர்களைச் சேர்த்துவிடுவதால், ஆஃப்_டியின் அளவைத் தீர்மானிக்கும் ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் மேக்ரோவுக்கு 64 என்று கொடுத்த மதிப்பு அங்கே பலனற்றுப் போகிறது.

கான்ஃபிக் ஹெடரை ஃபிளெக்ஸின் டாப் பகுதிக்கு (உருவாகும் கோப்பின் தொடக்கத்திலேயே இடப்படும் பகுதி) மாற்றுவது நல்லதா, அல்லது அந்த மேக்ரோவை மேக்ஃபைல் வழியாக எல்லாக் கோப்புகளுக்கும் கொடுப்பது நல்லதா? அந்த ஸ்ட்ரக்ட் வெளியே நிறுவப்படும் ஹெடரிலும் இருப்பதால், எங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் பிற நிரல்களிலும் இதே முரண்பாடு வராமல் தடுக்கும் வழியை, இதைச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.