அக்டோபர் 2 கிராம சபை: கையெழுத்துப் போடப் போகிறோமா, பேசப் போகிறோமா?

மேட்டுத்தெரு:
அடுத்த வாரம் கிராம சபை. அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை மக்களைக் கேட்டு முடிவு செய்யப் போகிறார்களாம். போன வருடம் லீவில் வந்தவன் ஆசையாகப் போனேன். பள்ளிக்கூட வராண்டா, மைக் செட், டீ, மிக்சர் பொட்டலம் எல்லாம் இருந்தது. கிளார்க் ஒரே மூச்சில் வாசித்தார். கடைசித் தெருவில் பேவர் பிளாக், சுடுகாட்டுப் பாதையில் பேவர் பிளாக், கோயில் முன்னால் பேவர் பிளாக். இதற்கு மேலே போட்டிருந்த தலைப்பு 'நலமான கிராமம்'!

துணை சுகாதார நிலையத்துக்கு ஏறும் சரிவில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும், வயதானவர்கள் ஏற முடியவில்லை என்றேன். "அடுத்த சபையில் பார்ப்போம்" என்றார்கள். அதற்குள் கையெழுத்து நோட்டு என் மடிக்கு வந்துவிட்டது. நம் ஊராட்சி மக்கள்தொகைக்குக் கோரம், அதாவது சபை செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள், 200 பேர். எண்ணிப் பார்த்தேன், 120 தலை தேறவில்லை. மறுநாள் அதே நோட்டு நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க் கரைக்குப் போனது. மைப்பெட்டியும் கூடவே போனது.

என் யோசனை இதுதான்: இந்த முறை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். கோரம் இல்லாமல் கலையட்டும்.

பழைய மெம்பர்:
ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவன் சொல்கிறேன். கலைந்தால் வேறொரு தேதி போட்டு நடத்துவார்கள். அன்றைக்கு நீங்கள் கோயம்புத்தூரில் இருப்பீர்கள். திட்டத்தை ஈ-கிராம் ஸ்வராஜ் என்கிற மத்திய அரசு இணையதளத்தில் ஏற்றினால்தான் மத்திய நிதிக்குழு மானியப் பணத்தில் வேலை எடுக்க முடியும். அது தள்ளிப்போனால் உங்களுக்கு ஒன்றும் இல்லை, மோட்டார் ரிப்பேர் ஆனால் குடத்தோடு நிற்பது இங்கே இருக்கிறவர்கள்.

கம்பி கேட்டீர்கள், சரி. ஆனால் எப்போது கேட்டீர்கள் தம்பி? வாசித்து முடித்த பிறகு. கல்யாணத்தன்று போய்ப் பத்திரிகையில் பிழை இருக்கிறது என்கிற கதை.

மேட்டுத்தெரு:
அண்ணாச்சி, அப்படியானால் வாசிப்பதற்கு முன்னால் கேட்கிற இடம் எது? எனக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட வரவில்லையே.

ஓரக்கணக்கு:
இரண்டு பேரும் பணத்தைப் பற்றிப் பேசாமல் சண்டை போடுகிறீர்கள். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் இன்னதற்குத்தான் என்று கட்டிப்போட்ட பணம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு. மறுபாதி துப்புரவு, கழிப்பறைப் பராமரிப்புக்கு. மிச்சமிருந்த 40 சதவீதம்தான் ஊர் இஷ்டம், அதிலும் சம்பளம் போடக்கூடாது என்றார்கள். "என்ன குழம்பு வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் கத்தரிக்காய்தான் இருக்கிறது என்றால் எப்படி?

பேவர் பிளாக் ஏன் ஜெயிக்கிறது என்றால், அளவெடுக்கச் சுலபம், மதிப்பீடு தயாராக இருக்கும், முடிந்ததும் போட்டோ எடுக்கலாம். கிழவி தடுமாறாமல் சரிவு ஏறினாள் என்பதை எப்படிப் போட்டோ எடுப்பது?

பழைய மெம்பர்:
இதை ஒத்துக்கொள்கிறேன். சபையைக் கவனிக்கப் பற்றாளராக வருகிற அதிகாரியும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தீர்மானம் என்றுதான் எழுதிக்கொண்டு போகிறார். யார் என்ன கேட்டார்கள் என்பதற்கு அவருடைய படிவத்தில் இடம் இருந்து நான் பார்த்ததில்லை.

திருப்பூர்வாசி:
இந்தக் காலத்தில் எதற்கு ஷாமியானா? ஒரு கூகுள் படிவம் போடுங்கள். ஊரில் பாதி இளவட்டம் வெளியூரில் இருக்கிறோம். நாங்களும் கருத்துச் சொல்வோம்.

பழைய மெம்பர்:
வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் சபை உறுப்பினர்கள்தான், உங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் படிவம் போட்டால் என்ன வரும் தெரியுமா? ஊர் எல்லையில் ஆர்ச், கோயில் திடலில் ஹைமாஸ்ட் விளக்கு. பொங்கலுக்கு மூன்று நாள் வருகிறவர்களுக்கு ஊர் எப்படித் தெரிய வேண்டுமோ அது வரும்.

திருப்பூர்வாசி:
கோயில் கொடைக்குப் பணம் கேட்கும்போது மட்டும் நாங்கள் ஊர்க்காரர்களா?

எல்லையோரம்:
நான் செங்கோட்டைப் பக்கம், மனைவி ஊர் மலைக்கு அந்தப் பக்கம். கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை. இங்கே ஐந்தாறு குக்கிராமத்துக்கும் சேர்த்து ஒன்று. இருநூறு பேர் நடுவில் எழுந்து மைக் பிடிக்க எத்தனை பேருக்கு வாய் வரும்? 1996-இல் அவர்கள் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோதே சபையில் குழு குழுவாகப் பிரிந்து உட்கார்ந்து பேசும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஓரக்கணக்கு:
முக்கால் உண்மை. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் அங்கே மக்களைக் கூப்பிட்டார்கள். பணம் இல்லாமல் குழு பிரித்து உட்கார வைத்திருந்தால் டீ செலவுதான் மிச்சம்.

குழுக்கா:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்கிறீர்கள். நாங்கள் கேட்டோமே! மகளிர் குழுக்கள் சேர்ந்து வறுமை ஒழிப்புத் திட்டம் என்று ஒன்று தயாரிக்கிறோம். அதை ஊராட்சித் திட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பது விதி. இந்த வருடமும் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எழுதினோம்.

ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர். முதியோர் உதவித்தொகை வாங்க ரேகை வைக்கிறார், மெஷின் எடுக்க மாட்டேன் என்கிறது. நாற்று நட்டுக் களை பறித்தே தேய்ந்துபோன விரல். பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்தி, எண்ணெய் தடவித் துடைத்து மறுபடி அழுத்தி, கடைசியில் "நாளைக்கு வா பாட்டி". கையைப் புடவையில் துடைத்தபடி, "நான் உசுரோட இருக்கேன்னு என் கையே சொல்ல மாட்டேங்குதே" என்றார். இப்படி நம் ஊராட்சியில் இருக்கிறவர்களை எண்ணினோம், ஒன்பது பேர். மாதம் ஒரு நாள் யாராவது கூடப் போய்ப் பேசி வேறு வழியில் வாங்கிக் கொடுத்தால் போதும். பைசா செலவில்லை.

செலவில்லாத வேலையையும் திட்டத்தில் சேர்க்கலாம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால், "மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு போட?" என்று கேட்டார்கள். பூஜ்யம் என்றேன். சிரித்தார்கள்.

மேட்டுத்தெரு:
அக்கா, இது எனக்குத் தெரியாது. ஆனால் இதுவும் என் கட்சியைத்தானே சொல்கிறது? நீங்கள் எழுதிக் கொடுத்ததையே சேர்க்காதபோது, நோட்டில் கையெழுத்துப் போட்டு ஏன் அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும்?

குழுக்கா:
நான் போடாமல் இருக்கலாம் தம்பி. கண்மாய்க் கரைக்கு நோட்டு வந்தால் நூறு நாள் வேலைக்குப் போகிற என் குழுப் பெண்கள் போடாமல் இருக்க முடியுமா? மறுநாள் வேலை கேட்டு ஊராட்சிக்காரர்களிடம்தான் நிற்க வேண்டும். புறக்கணிப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும்.

பழைய மெம்பர்:
நான் சொல்ல வந்ததை அக்கா சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடாமல் திரும்புவதைவிட ஒரு காரியம் செய்யுங்கள். கோரிக்கையை இரண்டு படி எழுதி, கூட்டத்துக்கு முன்னாலேயே ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு ஒப்பம் வாங்குங்கள். கூட்டத்தில் "இதைத் தீர்மானமாக எழுதுங்கள், நம்பர் என்ன?" என்று கேளுங்கள். நம்பர் விழுந்த தீர்மானத்தை அப்புறம் யாரும் "பார்ப்போம்" என்று தள்ள முடியாது. தள்ளினாலும் அடுத்த சபையில் அந்த நம்பரைச் சொல்லிக் கேட்கலாம். பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் எழுதாமல் போக மாட்டார்கள்.

மேட்டுத்தெரு:
பதினைந்து பேர் எங்கள் தெருவிலேயே கிடைப்பார்கள். அந்தப் பாட்டி விஷயத்தையும் சேர்த்து எழுதுகிறேன். கூட்டம் பள்ளிக்கூடத்தில்தானே?

குழுக்கா:
இல்லை. சுழற்சிப்படி இந்த முறை எங்கள் காலனியில், சமுதாயக்கூடத்தில்.

மூன்று வருடம் முன்னால் ஒரு மே 1-க்கும் எங்கள் பக்கம்தான் முறை. பெஞ்சு கழுவிப் போட்டு, டீ போட்டு வைத்திருந்தோம். உங்கள் தெருவிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. சாயங்காலம் நோட்டு உங்கள் தெருவுக்கு வீடு வீடாக வந்தது, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

திருப்பூர்வாசி:
இதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? திட்டத்தைப் பற்றித்தானே பேச்சு.

குழுக்கா:
நானும் திட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த மே மாதம் நாங்கள் கேட்டது, சுகாதார நிலையத்துச் சரிவுக்குக் கைப்பிடி.

மேட்டுத்தெரு:
அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

அக்கா, நான் முதல் நாள் ராத்திரியே வந்துவிடுகிறேன். பதினைந்து பேருக்கு உறுதி சொல்ல முடியாது. கூட்டம் பதினொரு மணிக்கா, பத்தரைக்கா?

குழுக்கா:
பதினொன்று. பத்துக்கே வா, பெஞ்சு தூக்க ஆள் வேண்டும்.