ஷோகேஸ் டிரெய்லரை நம்பி ரிதம் கேம் வாங்கலாமா? கையடக்கத்தில் தியேட்ரிதம் ஆடுபவர்கள் சொல்லுங்கள்

தாளக்கட்டு (கேள்வி):

வணக்கம் மக்களே. புது கேம்களை அறிவிக்கும் ஷோகேஸ்களான நிண்டெண்டோ டைரக்ட், சோனியின் ஸ்டேட் ஆஃப் ப்ளே, சம்மர் கேம் ஃபெஸ்ட் மூன்றையும் விடாமல் பார்ப்பேன். ஆர்பிஜி, ஆக்‌ஷன் வகைகளில் டிரெய்லரைப் பார்த்தே வாங்கலாமா வேண்டாமா என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. ரிதம் கேம் (இசையின் தாளத்துக்குப் பட்டன் அழுத்தி ஆடுவது) வந்தால் மட்டும் ஒன்றும் பிடிபடுவதில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது, எப்போது அழுத்த வேண்டும் என்று காட்டும் குறிகள் பறக்கின்றன, அதோடு டிரெய்லர் முடிந்துவிடுகிறது.

இரண்டு கேள்விகள். டிரெய்லரில் எதைப் பார்த்து ரிதம் கேமை எடை போடுவது? அடுத்து, நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் தியேட்ரிதம் ஃபைனல் பார் லைன் (ஃபைனல் ஃபேண்டஸி ஆர்பிஜி தொடரின் பாட்டுகளுக்கு ஆடும் ரிதம் கேம்) வாங்க நினைக்கிறேன். டிவியில் ஆட மாட்டேன், கையில் வைத்து மட்டும்தான். டெமோவை ப்ளூடூத் இயர்பட்ஸோடு ஆடிப் பார்த்ததில் எல்லா அடியும் முன்பின்னாக விழுகிறது. இது கேமின் கோளாறா, இயர்பட்ஸ் கோளாறா?

மூன்றாம்காலம்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

டைரக்ட் 2011 அக்டோபரில் தொடங்கியது. 2013-ல் நிண்டெண்டோ ஈ3 கேம் கண்காட்சியின் பெரிய மேடை நிகழ்ச்சியை விட்டுவிட்டு வீடியோவுக்கு மாறியது. 2019-ல் சோனியும் ஈ3-க்குப் போகாமல், அதே ஆண்டு மார்ச்சில் ஸ்டேட் ஆஃப் ப்ளேவைத் தொடங்கியது. 2023 டிசம்பரில் ஈ3 நிரந்தரமாக மூடப்பட்டது. மேடைப் பேச்சு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்த அரங்கில் கேமைக் கையில் வாங்கி ஆடிப் பார்த்து எழுத ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். மற்ற வகைகளுக்கு அது ஒரு கூடுதல் வசதி. ரிதம் கேமுக்கு அதுதான் உயிர். பட்டன் அழுத்திய கணத்துக்கும் கேம் அதை ஏற்றுக்கொள்ளும் கணத்துக்கும் உள்ள உறவுதான் ரிதம் கேம். அதை எந்த வீடியோவும் காட்ட முடியாது.

உங்கள் கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 13 டைரக்டில் அறிவித்தார்கள். அன்றைக்கு செல்டா டியர்ஸ் ஆஃப் த கிங்டம் பெயரும் தேதியும் வந்ததால் தியேட்ரிதம் பற்றிப் பேச ஆளில்லை. அந்த டிரெய்லரில் நான்கு வரிசைகளில் குறிகள் வருவதைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். உண்மையில் வரிசைக்கும் பட்டனுக்கும் தொடர்பே கிடையாது, எந்த வரிசையில் வந்தாலும் எந்த பட்டனையும் அழுத்தலாம். இந்த அடிப்படை விஷயமே பலருக்கு 2023 பிப்ரவரி 1-ல் டெமோ வந்த பிறகுதான் புரிந்தது. 30 பாட்டுகள், சேவ் முழு கேமுக்கு அப்படியே போகும். ஷோகேஸ் செய்யாத வேலையை அந்த டெமோ செய்தது.

டிரெய்லரில் கவனிக்க வேண்டியது இதுதான்: பத்து விநாடியாவது வெட்டாமல் ஓடும் ஆட்டக் காட்சி இருக்கிறதா? பெரும்பாலும் ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் காட்சியை வெட்டி, மேலே ஒரே பாட்டை ஓட்டுவார்கள். அப்போது திரையில் தெரியும் குறிக்கும் காதில் விழும் தாளத்துக்கும் சம்பந்தமே இருக்காது. வெட்டாத காட்சி கிடைத்தால், அடிக்கும்போது பட்டன் சத்தம் தனியாகக் கேட்கிறதா, குறி இசையின் எந்தக் கருவியைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். டிரம்ஸையா, மெட்டையா? பாதி வழியில் காரணமில்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் குறியமைப்பு சரியில்லை என்று அர்த்தம். கடைசியாக, பாட்டு எண்ணிக்கை எந்தப் பதிப்புக்கு உரியது என்று பாருங்கள். ஃபைனல் பார் லைன் அடிப்படைப் பதிப்பில் 385 பாட்டுகள். விளம்பரத்தில் வந்த "500-க்கு மேல்" என்பது டீலக்ஸ் பதிப்பும் டிஎல்சியும் (தனியாக விற்கும் கூடுதல் பாட்டுகள்) சேர்த்த கணக்கு.

வெளியீட்டுத் தேதி விஷயத்தில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் சொன்னால் நம்புங்கள். ஆண்டு மட்டும் என்றால் அது திட்டம். வெறும் லோகோ என்றால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். மெட்ராய்ட் பிரைம் 4 லோகோவை 2017-ல் காட்டினார்கள், கேம் 2025 டிசம்பரில் வந்தது. 2022 ஜூன் எக்ஸ்பாக்ஸ் ஷோகேஸில் காட்டிய எல்லாம் 12 மாதத்துக்குள் ஆடலாம் என்றார்கள். அதில் இருந்த சில்க்சாங் என்ற கேம் 2025 செப்டம்பரில்தான் வந்தது.

வயர்_போதும்:

இரண்டாவது கேள்விக்கு: இயர்பட்ஸ்தான் காரணம். கேமில் கோளாறு இல்லை.

ஸ்விட்ச்சுக்கு ப்ளூடூத் ஆடியோ 2021 செப்டம்பரில் 13.0.0 அப்டேட்டில்தான் வந்தது. சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸில் ஒலி காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லிவிநாடி வரை ஆகும். அது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 150 அடி வேகமுள்ள பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 400 மில்லிவிநாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 100. இயர்பட்ஸ் 200 தாமதமானால் நீங்கள் கேட்பது அரை அடி பழைய இசை. காதை நம்பினால் கை பிந்தும், கண்ணை நம்பினால் காது குழப்பும். இரண்டுக்கும் நடுவில் அல்லாடும்போதுதான் நீங்கள் சொல்லும் முன்பின் வருகிறது.

"டைமிங் அட்ஜஸ்ட் செய்தால் போதுமே" என்று யாராவது சொல்வார்கள். போதாது. அந்த செட்டிங் மாறாத தாமதத்தை மட்டும்தான் ஈடுகட்டும். ப்ளூடூத் தாமதம் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வைஃபை நெரிசல் இருந்தாலோ, ஜாய்கானை (ஸ்விட்ச்சின் இருபக்கமும் மாட்டும் கண்ட்ரோலர்) கழற்றி வயர்லெஸ்ஸாகப் பயன்படுத்தினாலோ நிலைமை மோசமாகும், எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுவதால். தாமதம் நிலையாக இருந்தாலும், நீங்கள் அழுத்தும்போது வரும் அடிச்சத்தம் பிந்தித்தான் கேட்கும். அதை எந்த செட்டிங்கும் முன்னால் கொண்டுவர முடியாது.

செய்ய வேண்டியது: ஸ்விட்ச்சின் மேல்பக்கம் 3.5 மிமீ துளை இருக்கிறது, எந்த விலை குறைந்த வயர் ஹெட்போனும் போதும். வயர் பிடிக்காது என்றால் யூஎஸ்பி-சி டாங்கிளோடு (ஸ்விட்ச்சில் செருகும் சிறு ரிசீவர்) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கேமிங் ஹெட்செட், அது ப்ளூடூத்தைவிடப் பல மடங்கு வேகம். ஸ்பீக்கரில் தாமதம் கிடையாது, ஆனால் தாழ்ந்த ஒலி சரியாக வராது. டிரம்ஸ் இல்லாத ஆர்கெஸ்ட்ரா பாட்டுகளில் காலப்பிரமாணத்தைப் பிடிக்க திணறுவீர்கள்.

வயர் போட்ட பிறகு டைமிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, நன்றாகத் தெரிந்த, வேகம் மாறாத ஒரு பாட்டை எளிய நிலையில் ஆடுங்கள். தவறுகள் ஒரே பக்கமாக விழுந்தால் மட்டும் ஒரு படி நகர்த்துங்கள். இரு பக்கமும் சிதறினால் அது கைப்பழக்கம், செட்டிங்கைத் தொடாதீர்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் (படச் சட்டம்) ஓடினால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிவிநாடி. கையடக்கத் திரையில் பெரிதாக நகர்த்த வேண்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது ஹெட்போனைத்தான்.

கட்டைவிரல்:

கையடக்கத்தில் கைகளை எப்படி வைப்பது என்பதையும் சேர்த்துவிடுகிறேன், மேல் நிலைகளில் அங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

குறிகள் மூன்று வகை: சிவப்பு என்றால் தட்டல், பச்சை என்றால் பிடித்துவைத்தல், மஞ்சள் என்றால் ஸ்டிக்கை (கட்டைவிரலால் சாய்க்கும் குமிழ்) ஒரு திசையில் தள்ளுதல். வலது கட்டைவிரலால் ஏ பட்டனைத் தட்டி, அதே விரலால் ஸ்டிக்குக்குத் தாவினால் எக்ஸ்பர்ட் வரை சமாளிக்கலாம். அல்டிமேட், சுப்ரீம் நிலைகளில் முடியாது. இரண்டு கட்டைவிரலும் ஸ்டிக்குகளை விட்டு எழக்கூடாது, தட்டல் முழுவதும் ஆள்காட்டி விரல்களால் எல், ஆர் பட்டன்களில். ஒரே நேரத்தில் இரண்டு சிவப்பு வந்தால் எல், ஆர் சேர்த்து. இரண்டு மஞ்சள் வந்தால் இரு ஸ்டிக்கும்.

ஸ்டிக்கைத் தள்ளியதும் சட்டென்று விட்டுவிடாதீர்கள். விட்டால் அது நடுவைத் தாண்டி எதிர்த்திசையில் துள்ளும், அடுத்த குறியை அது தின்றுவிடலாம். விரலோடு நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று: எடுத்தவுடன் 385 பாட்டும் திறந்திருக்காது. சீரிஸ் குவெஸ்டில் சாவி கொண்டு ஒவ்வொரு ஃபைனல் ஃபேண்டஸியாகத் திறக்க வேண்டும். அங்கே முடித்த பாட்டுகள்தான் மியூசிக் ஸ்டேஜஸ் பகுதிக்கு வரும். பிடித்த தொடருக்கு முதல் சாவியைச் செலவிடுங்கள்.

பழைய_பட்டன்:

மூன்றாம்காலம் சொன்னதில் ஒரு இடத்தில் உடன்பாடில்லை. எல்லா ரிதம் கேமுக்கும் டிரெய்லர் பயனற்றது என்று சொல்ல முடியாது. 2025 மார்ச் 27 டைரக்டில் ரிதம் ஹெவன் க்ரூவ் காட்டினார்கள், 2026 என்று. அந்தத் தொடரில் பாய்ந்து வரும் குறிகள் கிடையாது. பாத்திரத்தின் அசைவும் ஒலியும்தான் குறிப்பு. அந்த டிரெய்லரைக் கண்ணை மூடிக் கேட்டாலே எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும். அது தெரிந்தால் கேம் நன்றாக அமைந்திருக்கிறது.

அந்தத் தொடரின் டிரெய்லரில் நான் தேடுவது ஒன்றே ஒன்று, எப்படி அழுத்த வைக்கிறார்கள் என்பது. 2006-ல் கேம்பாய் அட்வான்ஸில் வந்த முதல் கேமான ரிதம் டெங்கோகு பட்டனில் ஆடியது, கச்சிதம். டிஎஸ் பதிப்பு ஸ்டைலஸுக்கு மாறியது. அதில் திரையைச் சுண்டி எடுக்கும் அசைவைக் கேம் பல நேரம் ஏற்றுக்கொள்ளாது, காலம் சரியாக இருந்தாலும் தவறு விழும். வீ பதிப்பில் ஏ, பி பட்டன்களுக்கே திரும்பினார்கள். 3டிஎஸ் மெகாமிக்ஸில் பட்டனா தொடுதிரையா என்று நம்மையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். இதை டிரெய்லரிலேயே கண்டுபிடிக்கலாம்.

ப்ளூடூத் விஷயத்தில் வயர்_போதும் சொன்னது இந்தத் தொடருக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும், காதை மட்டும் நம்பி ஆடுவதால்.

தாளக்கட்டு:

வயர் ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன், தட்டல் எல்லாம் சரியாக விழுகிறது. நன்றி. ஆனால் மஞ்சள் குறி மட்டும் இன்னும் சில நேரம் தவறுகிறது, இடது ஸ்டிக்கில் மட்டும்.

கட்டைவிரல்:

ஒரே ஸ்டிக்கில் மட்டும் என்றால் டிரிஃப்ட் (தொடாமலேயே ஸ்டிக் நகர்ந்ததாகக் கருவி எடுத்துக்கொள்ளும் கோளாறு) ஆக இருக்கலாம். சிஸ்டம் செட்டிங்ஸ், கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், கேலிபரேட் கண்ட்ரோல் ஸ்டிக்ஸ் போய் இடது ஸ்டிக்கை அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் புள்ளி நடுவில் நிற்காமல் நகர்ந்தால் டிரிஃப்ட்தான். அங்கேயே எக்ஸ் அழுத்திக் கேலிபரேட் செய்யுங்கள். சில வாரங்களில் திரும்ப வந்தால் ஸ்டிக்கை மாற்ற வேண்டும். ஜாய்கான் என்றால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், ஸ்விட்ச் லைட் என்றால் உடலையே திறக்க வேண்டும். அதுவரை ஒற்றை மஞ்சள் குறிகளை வலது ஸ்டிக்கால் தள்ளுங்கள், கேம் எந்த ஸ்டிக்கையும் ஏற்றுக்கொள்ளும்.