போன், சோஃபா இன்ஸ்டால்மென்ட் இருந்தா வீட்டு லோன் குறையுமா?

ஈசூன்தம்பி: நானும் வீட்டுக்காரியும் சிங்கப்பூர் புங்கோல்ல ரீசேல் எச்டிபி (ஏற்கனவே ஒருத்தர் இருந்த அரசாங்க அடுக்குமாடி வீடு) பாக்குறோம், ரெண்டு பேர் சம்பளமும் சேத்து மாசம் 6000 வெள்ளி (டாலர்), ஆனா போன் ஃப்ரிட்ஜ் சோஃபான்னு கார்டு இன்ஸ்டால்மென்ட்லயே மாசம் 700 வெள்ளி போயிடுது. பேங்க் லோன் குறைப்பாங்களா? ரொம்ப கவலையா இருக்கு.

தெம்பனிஸ்அக்கா: தம்பி பயப்படாதீங்க, கணக்கு போட்டு பாருங்க. எச்டிபி வீட்டுக்கு எம்எஸ்ஆர்ன்னு ஒரு வரம்பு, சம்பளத்துல 30%, அதாவது வீட்டுத் தவணை மட்டும் மாசம் 1800 தாண்டக்கூடாது, அப்புறம் டிடிஎஸ்ஆர்ன்னு இன்னொரு வரம்பு, சம்பளத்துல 55%, அது எல்லாக் கடன் தவணையும் சேத்து 3300. அதுல 700 போனாலும் 2600 மிச்சம், அதனால உங்களுக்கு இடிக்கிறது 1800தான். இதே காண்டோவா (தனியார் அடுக்குமாடி வீடு) இருந்தா எம்எஸ்ஆர் கிடையாது, அந்த 700 நேரா லோன்ல வெட்டும். இன்னொன்னு, இப்ப வட்டி கம்மியா இருந்தாலும் பேங்க் குறைஞ்சது 4% போட்டுத்தான் கணக்கு பாக்கும்.

கிராஞ்சிவாசி: அக்கா சொன்னது சரி, ஆனா எனக்கு பெரிய கவலை லேட் பேமெண்ட்தான். கிரெடிட் பியூரோ (நம்ம கடன் விவரத்த வச்சிருக்கிற நிறுவனம்) ரிப்போர்ட்ல கடைசி 12 மாசம் எப்படி கட்டினீங்கன்னு தெரியும். மொதல்ல அத வாங்கி பாருங்க.

ஈசூன்தம்பி: ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. லேட் எதுவும் இல்ல, எல்லாம் கைரோலதான், பேங்க் கணக்குல இருந்து தானா போகுது.

தெம்பனிஸ்அக்கா: அப்போ நல்லது. லோன் கைக்கு வர்ற வரைக்கும் புதுசா எதுவும் தவணையில எடுக்காதீங்க, டிவி கூட வேணாம்.