பேரம் பேசிய அமைச்சர் கோழையா?

பால்மரம்:
படைவீரர்கள் பணயக்கைதிகளை மீட்கும் படங்களில் பேரம் பேசும் அமைச்சரைக் கோழையாகக் காட்டுவதே நியாயம் என்று தம்பி கிந்தாக்கரையான் நேற்று எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. 1975 ஆகஸ்டில் கோலாலம்பூர் ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் ஜப்பானியச் செம்படை என்ற ஆயுதக் குழுவினர் 50 பேருக்கு மேல் பிடித்து வைத்தபோது, ஜப்பான் தன் சிறையிலிருந்த 5 பேரை விடுவித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. இது கோழைத்தனமா?

கிந்தாக்கரையான்:
ஐயா, அதன் பிறகு நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1977 செப்டம்பரில் அதே செம்படை ஜப்பானிய விமானமொன்றைக் கடத்தி டாக்காவில் இறக்கி, 60 லட்சம் டாலரையும் மேலும் 6 கைதிகளையும் வாங்கிக்கொண்டது. 1999இல் கடத்தப்பட்ட இந்திய விமானத்தின் பயணிகளை மீட்க, ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் இந்தியா விடுவித்த மூன்று கைதிகளில் ஒருவரான மசூத் அசார், மறு ஆண்டே ஜெய்ஷ்-இ-முகமது என்ற ஆயுத இயக்கத்தைத் தொடங்கினார். அந்த விமானம் காந்தகாருக்குப் போகுமுன் அமிர்தசரஸில் நின்றிருந்தபோதே தடுத்திருக்க வேண்டும் என்ற ஆற்றாமையிலிருந்துதான் இத்தகைய படங்கள் பிறக்கின்றன.

பால்மரம்:
ஒருவர்கூடச் சாகவில்லை என்றேன். அதற்கு மட்டும் தம்பியிடம் பதில் இல்லை. தோட்டப் பள்ளி நிலத்தைப் பற்றிய விவாதத்திலும் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறெங்கோ போனவர்தானே இவர்.

சிப்புட் செல்வி:
கோலாலம்பூரும் காந்தகாரும் இருக்கட்டும், நம் பேராக் மாநிலத்தில் கோலகங்சார் மாவட்டத்துச் சாவுக் என்ற ஊரை இருவரும் மறந்துவிட்டீர்களே. 2000 ஜூலையில் அல்-மவுனா என்ற ஆயுதக் கும்பல் படை அதிகாரிகளைப் போல உடுத்திக்கொண்டு, சோதனைக்கு வந்ததாகச் சொல்லி இராணுவ முகாம்களுக்குள் நுழைந்து ஆயுதங்களை அள்ளிச் சென்றது. புக்கிட் ஜெனாலிக் குன்றில் அவர்கள் பிடித்து வைத்த 4 பேரில் காவல்துறைச் சிறப்புப் பிரிவின் சகாதேவனும் படைவீரர் மேத்தியூவும் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சரவாக்கிலிருந்து வந்தவர். ஒரே வீரன் எல்லாரையும் மீட்டுவிடும் கதையில் இவர்களைப் போன்றவர்களுக்கு இடம் எங்கே?

கிந்தாக்கரையான்:
அக்கா என் பக்கம்தான் பேசுகிறார். பேரம் பேசினால் இப்படித்தான் இரண்டு உயிர் போகும்.

சிப்புட் செல்வி:
நான் யார் பக்கமும் பேசவில்லை. என் வாயில் உங்கள் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

பால்மரம்:
அந்தக் கும்பல் கடைசியில் சரணடைந்தது, தம்பி. குன்றைப் படையினர் சூழ்ந்து நின்றார்கள். காவல்துறை அதிகாரிகள் மேலே போய்ப் பேசினார்கள். சுற்றி நின்ற துப்பாக்கியும் பேசிய வாயும் சேர்ந்தே அவர்களை இறக்கின. படங்களோ பேசியவரை வெட்டி எறிந்துவிட்டுச் சுட்டவரை மட்டும் வைத்துக்கொள்கின்றன. அமைச்சரை வியர்த்து வழியும் கோமாளியாக்கி, எதிரிக்கு ஒரே மதத்தின் உடையை மாட்டிவிட்டு, சட்டமும் நாடாளுமன்றமும் தடைக்கல் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன. நம்மைக் கேட்காமல் நம்மேல் முடிவெடுப்பவர்களால் தோட்டத்தில் பட்டது போதாதென்று, அதையே வீரம் என்று கைதட்டவும் வேண்டுமா? 1975இல் ஒருவர்கூடச் சாகவில்லை.

கிந்தாக்கரையான்:
எத்தனை முறை எழுதினாலும் டாக்கா நடந்தது நடந்ததுதான், ஐயா. அங்கே விடுவிக்கப்பட்ட 6 பேருக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் சொல்லுங்கள்.

பால்மரம்:
ஏ.ஐ.ஏ. கட்டடத்திலிருந்து உயிரோடு வீடு திரும்பியவர்களுக்கு யார் பொறுப்பு என்பதை நீங்கள் சொல்லுங்கள். பிறகு நான் டாக்காவுக்கு வருகிறேன்.